தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

வியாபார அன்பர்களே! சரக்கின் தரத்தைப் பற்றி நமக்கு வேறொருவர் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. அரிசியைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் பழையதா புதியதா என்று சொல்லிவிடுவோம். மிளகை இரு விரல்களால் நசுக்கி, முகர்ந்து பார்த்து விலை பேசுவோம். நெய்யில் கலப்பு இருந்தால் நாக்கு நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கண், மூக்கு, நாக்கு என்னும் இம்மூன்று சாட்சிகளை நம்பியே நம் முன்னோர் கடல் தாண்டி வந்து கடை விரித்தனர். ஆயினும் நம் கடைகளில் நாள்தோறும் மிக அதிகமாகச் செலவாகும் சரக்கு ஒன்று உண்டு. அதன் விஷயத்தில் மட்டும் இம்மூன்று சாட்சிகளும் பொய்ச்சாட்சி சொல்லிவிடக் கூடும். அந்தச் சரக்கு தண்ணீர்தான்.

இப்பாடத்தில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றே. ஒளுச் செய்யத் தகுந்த நீர் என்பது வேறு. பிறருக்குக் குடிக்கக் கொடுக்கத் தகுந்த நீர் என்பது வேறு. முன்னதற்குரிய அடையாளங்களை வைத்துப் பின்னதைத் தீர்மானித்துவிடலாகாது.

மார்க்கம் வகுத்த சுத்தம்

மதரஸாவில் சிறுபிராயத்தில் நாம் ஓதிய முதற்பாடமே தண்ணீரைப் பற்றியதுதான். நிறம், ருசி, மணம் என்னும் மூன்று தன்மைகளும் மாறாதிருக்கும் நீரே சுத்தமானதும் சுத்தப்படுத்தக் கூடியதுமான நீர் என்று உஸ்தாதுமார்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஷாபிஈ மத்ஹபினர் இரண்டு குல்லத் அளவைக் கணக்கில் கொள்வர். அந்த அளவுக்குக் குறைந்த நீரில் அசுத்தம் விழுந்தால், தன்மை மாறாவிட்டாலும் நீர் அசுத்தமாகிவிடும். அந்த அளவை எட்டிய நீராயின், தன்மை மாறினாலன்றி அசுத்தமாகாது. ஹனஃபி மத்ஹபினர் பத்து முழத்துக்குப் பத்து முழம் கொண்ட ஹவுளைப் பெரிய நீராகக் கொள்வர். நம்மில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இவ்விரு சட்டங்களும் நமக்குப் பழக்கமானவையே.

இச்சட்டங்களில் யாதொரு குறையும் இல்லை. வணக்கத்திற்கு இந்த நீர் தகுமா என்ற கேள்விக்கு இவை விடையளிக்கின்றன. பாலைவனப் பிரயாணியும் குடிசையில் வாழும் ஏழையும் சிரமமின்றித் தொழுகைக்கு ஆயத்தமாக வேண்டும் என்ற கருணையால் எளிதாக்கப்பட்ட சட்டங்கள் இவை. ஆனால் நீரால் உடலுக்குத் தீங்கு நேருமா என்பது வேறொரு கேள்வி. அதற்கும் நம் மார்க்கம் வாய்மூடி இருக்கவில்லை.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்த்துறைகளிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், நிழலிலும் மலங்கழிப்பதைச் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்தார்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தண்ணீர்த் தோற்பையின் வாயைக் கட்டி வைக்கும்படியும் ஏவினார்கள். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவும் முன் தண்ணீர்ப் பாத்திரத்துள் விடலாகாது என்றார்கள். குடிக்கும் பாத்திரத்தினுள் மூச்சு விடுவதையும் விலக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்ற ஒன்று உண்டென உலகம் அறிய இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்த காலத்தில் வந்த போதனைகள் இவை! நிறமும் ருசியும் மணமும் மாறாத நீருக்கும் மூடி வேண்டும், கட்டு வேண்டும், கை சுத்தம் வேண்டும் என்பது இவற்றிலிருந்து விளங்கவில்லையா?

லண்டனில் ஒரு காப்பிக்கடை

மூன்று சாட்சிகளும் எவ்வாறு ஏமாற்றும் என்பதற்குச் சரித்திரம் தரும் பெரிய உதாரணம் லண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டு நடந்தது. அந்நகரின் சோஹோ பகுதியில் பிராட் ஸ்ட்ரீட் என்றொரு வீதி. அங்கே ஒரு கைப்பம்பு இருந்தது. தெளிவும் குளிர்ச்சியும் நல்ல ருசியும் உள்ள தண்ணீர் என்று அதற்குப் பெயர். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் அப்பகுதியில் வாந்திபேதி என்னும் காலரா வெடித்துப் பரவியது. பத்தே நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நோய் அடங்குவதற்குள் சாவு 616 ஆயிற்று.

கெட்ட காற்றினால்தான் இந்நோய் வருகிறது என்று அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டரோ தண்ணீரைச் சந்தேகித்தார். வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கிருந்து தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். அருகிலேயே 535 பேர் தங்கியிருந்த ஓர் ஏழைகள் விடுதியில் ஐவர் மட்டுமே இறந்திருந்தனர். அந்த விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. மாறாக, வெகுதூரத்தில் ஹாம்ஸ்டெட் என்னுமிடத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டியும் காலராவால் இறந்தார். காரணம் என்ன? முன்பு பிராட் ஸ்ட்ரீட்டில் வசித்த அவர், அந்தத் தண்ணீரின் ருசிக்காகவே வண்டியில் நாள்தோறும் ஒரு பெரிய புட்டி நிறைய வரவழைத்துக் குடித்து வந்தார். அவரைப் பார்க்க வந்து அதே நீரைக் குடித்துச் சென்ற உறவுப் பெண்ணும் இறந்தார். நல்ல ருசியே அவர்களுக்கு எமனாக வந்தது.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. அந்தப் பம்புத் தண்ணீர் சுற்றுப்புறத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் காப்பிக்கடைகளிலும் வழங்கப்பட்டது. சிறு கடைகளில் ஒரு கரண்டித் தூளைக் கலந்து சர்பத் என்ற பெயரில் விற்கப்பட்டது. தொழிலாளிகள் வந்து போகும் ஒரு காப்பிக்கடையில், பகற்சாப்பாட்டு வேளையில் அந்தத் தண்ணீரைத்தான் மேசையில் வைப்பது வழக்கம். தம் வாடிக்கைக்காரர்களில் ஒன்பது பேர் இறந்துவிட்டதாகத் தமக்குத் தெரியும் என்று அந்தக் கடைக்கார அம்மையார் செப்டம்பர் 6ஆம் தேதியன்றே டாக்டரிடம் சொன்னார்.

ஒன்பது பேர்! அவர் விஷம் வைக்கவில்லை, கலப்படம் செய்யவில்லை, காசுக்கு ஆசைப்பட்டு மட்டமான சரக்கை விற்கவுமில்லை. ஊரே புகழ்ந்த நல்ல தண்ணீரை, காசு வாங்காமல், சாப்பிட வந்தவர்களுக்கு உபசாரமாகக் கொடுத்தார். செப்டம்பர் 8ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்து கொண்டிருந்தது தெரிய வந்தது. நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளைக் கழுவிய நீர் அக்குழிக்குள் போயிருந்தது.

காலராவை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1883–84இல் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக் காட்டினார். டைபாய்டு, சீதபேதி, ஒருவகை மஞ்சள் காமாலை ஆகியவையும் இதே வழியில் பரவுகின்றன. அதாவது, ஒருவர் மலத்திலுள்ள கிருமி எவ்வாறோ நீரில் கலந்து, மற்றொருவர் வாய்க்குள் செல்கிறது. இது பழங்கதையென்று ஒதுக்கிவிட இயலாது. மலக்கிருமி கலந்த நீரைப் பயன்படுத்துவோர் உலகில் குறைந்தது 170 கோடிப் பேர் என்றும், அசுத்தக் குடிநீரால் உண்டாகும் வயிற்றுப்போக்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 505,000 பேர் இறக்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

காய்ச்சினாலும் போகாத நஞ்சு

"அப்படியானால் காய்ச்சிக் குடித்தால் தீர்ந்தது" என்று சிலர் கூறலாம். கிருமியைப் பொறுத்தவரை அது உண்மையே. தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டால் நோய்க்கிருமிகள் மடிந்துவிடும். ஆனால் நீரைக் கெடுப்பது கிருமி மட்டுமல்ல.

நம் கடைகள் பலவற்றில் வேலை செய்யும் வங்காளதேசச் சகோதரர்களைக் கேட்டால், சிவப்புச் சாயம் பூசிய கிணற்றுக் குழாய்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்நாட்டில் குளத்து நீரைக் குடித்து மக்கள் பேதியால் மாண்டு வந்தனர். அதைத் தடுக்க 1970களில் ஊர்தோறும் ஆழ்குழாய்கள் இறக்கப்பட்டன. நீர் கண்ணாடி போல் வந்தது. 1993இல்தான், நிலத்தடிப் பாறை மண்ணிலிருந்து ஆர்சனிக் என்னும் பாஷாணம் அந்நீரில் கரைந்திருப்பது அங்கே உறுதியாயிற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துப் புண்ணாகியது, புற்றுநோயும் வந்தது. பிறகு ஒவ்வொரு குழாயையும் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். பாஷாணமும் ஈயமும் காய்ச்சுவதால் போகமாட்டா. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட நஞ்சின் செறிவு கூடவே செய்யும். ஆகவே தோட்டத்திலோ கம்பத்திலோ சொந்தக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் அன்பர்கள், பரம்பரையாகக் குடித்த தண்ணீர்தானே என்றிராமல், அதைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்வது கடமையாகும்.

சிலாங்கூரில் கண்டது

நாம் வாழும் இந்நாட்டில் நடந்ததையும் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ரவாங் அருகே சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. அந்தச் சிற்றாறு சென்று சேருமிடம் சிலாங்கூர் ஆறு. நீரில் ரசாயன வாடை தெரிந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்ந்தது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஏறத்தாழ 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்கு விநியோகம் நின்றது. வீடுகளும் பள்ளிவாசல்களும் கடைகளும் வாளியும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை அப்பகுதி அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இதில் படிப்பினை இரண்டு உண்டு. ஒரே இடத்தில் ஒருவர் கால்வாயில் கொட்டியது ஒரு தலைநகரின் தாகமாகிவிட்டது என்பது ஒன்று. வாடை வந்தபடியால்தான் அந்த அசுத்தம் அகப்பட்டது. வாடையில்லாத அசுத்தமும் உண்டு என்பது மற்றொன்று. ஆற்றில் கொட்டியவனைத் திட்டும் நாம், நம் கடையின் பின்கால்வாயையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். பொரித்த எண்ணெயும் கறிக்கொழுப்பும் எந்த ஆற்றை நோக்கிப் போகின்றன? கால்வாய்க்கு முன்பாகக் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் தொட்டியை அமைத்து, அதை நாள் தவறாமல் அள்ளிச் சுத்தம் செய்தால் அசுத்தம் குறையும். பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிச் செல்வோரும் இருக்கிறார்கள்.

குழாய்க்கு அப்பால் நம் பொறுப்பு

சிங்கப்பூரில் குழாய் நீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம் என்று அந்நாட்டுத் தண்ணீர் வாரியம் கூறுகிறது. மலேசியாவிலும் நகரங்களுக்கு வரும் நீர் சுத்திகரிக்கப்பட்டே வருகிறது. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வாடிக்கைக்காரரின் வாய்க்கும் இடையில் நம் தொட்டி இருக்கிறது. நம் ரப்பர் குழாய் இருக்கிறது. நம் ஐஸ் பெட்டி, நம் கூஜா, நம் பையனின் கை ஆகியவை இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் கணக்குக் கேட்கப்படுபவர் முதலாளியே.

1. மாடித் தொட்டி: மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நீர் வழியும் குழாயின் வாயில் கம்பிவலை வேண்டும். எலி, பல்லி, புறா புக வழியிருக்கலாகாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நீரை வடித்து, அடிச்சேற்றைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியிட்டு அலச வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தேதி குறித்து வைத்தல் நலம்.

2. ரப்பர் குழாய்: பாத்திரம் கழுவும் அழுக்குத் தொட்டிக்குள் அதன் நுனியை மூழ்கவிட்டுப் போவது பல கடைகளில் வழக்கம். தெருக்குழாயில் நீரின் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், அந்த அழுக்கு நீர் உறிஞ்சப்பட்டு நல்ல நீர்க்குழாய்க்குள்ளேயே திரும்பிப் போகும். குழாய் நுனி எப்போதும் நீர்மட்டத்துக்கு மேல் தொங்க வேண்டும்.

3. ஐஸ் கட்டி: குளிரில் கிருமி செத்துவிடும் என்பது தவறான எண்ணம். அது உறங்குமேயன்றிச் சாவதில்லை. கட்டி கரைந்ததும் மீண்டும் விழித்துக்கொள்ளும். மீன், கோழி வைத்த ஐஸைச் சர்பத்தில் போடலாகாது. கையால் அள்ளாமலும், குடிக்கும் கிளாஸால் கோராமலும், பிடியுள்ள கரண்டியால் எடுக்க வேண்டும்.

4. பாதிக் காய்ச்சல்: தேத்தண்ணீருக்கு நீர் கொதிக்கிறது, ஆனால் வெந்நீரை ஆற்றுவதற்குப் பச்சைத் தண்ணீர் கலக்கப்படுகிறது. குழாய் நீரில் சந்தேகமுள்ள நாட்களில் இப்படிக் கலந்தால் காய்ச்சியதன் பயன் போயிற்று. காய்ச்சி ஆறிய நீரை மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். குவளையை முக்கி எடுக்கும் அகன்ற வாய்ப் பாத்திரம் வேண்டாம்.

5. வடிகட்டி: சுவரில் வடிகட்டி மாட்டியதோடு கடமை தீர்ந்ததாக எண்ணலாகாது. உள்ளிருக்கும் உருளையை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிகளின் குடியிருப்பாகிவிடும்.

6. கழுவும் நீர்: ஒரே தொட்டி நீரில் நூறு தட்டுகளை முக்கி எடுப்பது கழுவுதலாகாது. ஒருவர் எச்சிலை நூறு பேருக்குப் பங்கிடுவதே அது. இறுதி அலசல் ஓடும் நீரில் நடக்க வேண்டும்.

7. கை: டைபாய்டு கண்டு குணமானவர் உடலில் அக்கிருமி நெடுங்காலம் தங்கியிருக்கக் கூடும். மலேசியாவின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள், உணவைக் கையாளுவோர் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் பெற வேண்டும் என்று கூறுகின்றன. இதை அதிகாரிக்குக் காட்டும் காகிதமாக மட்டும் கருதலாகாது. வயிற்றுப்போக்குள்ள ஊழியரைச் சம்பளம் பிடிக்காமல் ஓய்வில் அனுப்பினால்தான் அவர் நோயை மறைக்காமல் சொல்வார்.

8. விநியோகம் நின்று திரும்பும் நாள்: முதலில் வரும் கலங்கல் நீரைத் தெளியும் வரை திறந்துவிட்டு, பின்னரே சமையலுக்கும் குடிப்பதற்கும் பிடிக்க வேண்டும். நல்ல நீர் கிடைக்காத நாளில் கடையை அடைத்து வைப்பதே நேர்மை. ஒரு நாள் விற்பனையை ரப்பு ஈடு செய்வான். ஓர் உயிரை எவரால் ஈடு செய்ய முடியும்?

இத்தனைக்கும் பின்னர் நம் வீட்டிலோ கடையிலோ ஒருவருக்குப் பேதி கண்டால், உடலிலிருந்து போகும் நீரையும் உப்பையும் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டி வரலாம். உப்பு மிகலாகாது. குழந்தைகளையும் முதியோரையும் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டு செல்க.

தண்ணீரும் அமானிதமே

தண்ணீர் கொடுப்பது சதக்காக்களில் சிறந்தது என்பதை நாம் அறிவோம். மதீனாவில் ரூமா கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், உஸ்மான் (ரலி) அவர்கள் தம் வியாபாரச் செல்வத்தைக் கொண்டு அக்கிணற்றை வாங்கி முஸ்லிம்களுக்கென விட்டார்கள். நாம் தொழில் செய்யும் இம்மண்ணிலும் அத்தகைய மனம் படைத்த ஒரு வணிகர் இருந்தார். மாட்டுவண்டியில் தண்ணீர் வந்திறங்கிய காலத்தின் நினைவாகவே சிங்கப்பூரில் கிரேத்தா ஆயர் என்னும் இடப்பெயர் இன்றும் நிற்கிறது. ஊர் மக்களுக்கு நல்ல நீர் வர வேண்டுமென்று மலாக்காவில் பிறந்த சீன வணிகர் டான் கிம் செங் 1857இல் 13,000 வெள்ளி கொடுத்தார். திட்டம் தடுமாறிக் காலம் கடந்தது. குழாய் நீர் ஊரை வந்தடையுமுன் அவரும் மறைந்துவிட்டார். அவர் நினைவாக 1882இல் எழுப்பப்பட்ட நீரூற்று இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் உள்ளது.

எல்லோராலும் கிணறு வாங்க இயலாது. 13,000 வெள்ளி கொடுக்கவும் இயலாது. ஆனால் நம் கடை மேசையில் வைக்கும் ஒரு குவளை நீரைத் தூயதாக வைக்க எவராலும் இயலும். தராசில் குறைப்பது மோசடி என்று அறிந்த நாம், குவளையில் கெடுப்பதும் மோசடியே என்று உணர வேண்டும். அறியாமல் கெடுத்தாலும் குடித்தவர் உடல் அறியும். லண்டன் காப்பிக்கடை அம்மையாருக்கு அன்று இந்த ஞானம் எட்டவில்லை, அவர்மீது குற்றமில்லை. நமக்கோ எட்டிவிட்டது. ஆகவே 'தெரியாது' என்று சொல்லும் உரிமை நமக்கு இனி இல்லை.

வாடிக்கைக்காரர் நம் கடைக்கு வந்து அமரும்போது, எதையும் கேளாமல், பிஸ்மில்லாஹ் சொல்லி, நாம் வைத்த நீரை வாயில் வைக்கிறார். அவர் நம் மீது வைத்த அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதை நிறைவேற்றும் கடைகளாக நம் கடைகள் திகழவும், நம் கையால் எவருக்கும் தீங்கு நேராதிருக்கவும், ஹலாலான தொழிலில் பறக்கத்தும் நற்பெயரும் பெருகவும் வல்ல நாயன் கிருபை செய்வானாக! ஆமீன்.